ஹன்ட்குரூப் கோப்பில் மிஞ்சிய இரண்டு வரிகள்

அந்தக் கோப்பை முதன்முதலில் திறந்தபோது அதில் சுவிட்சுக்கு ஒன்றாக 214 வரிகள் இருந்தன. வளாகத்தில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த சுவிட்சுகள் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகள்) நூற்றறுபது சொச்சம்தான். மிச்ச வரிகள் யாருடையவை என்று தேடிப் போனால், பாதி எப்போதோ கழற்றி ஏலத்துக்குப் போன பெட்டிகள். சில, ஆர்டர் போட்டு வராமலே போன பெட்டிகள். ஒரு வரிக்கு மேலே, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் குறிப்பு எழுதியிருந்தார்: “தற்காலிகம். செமஸ்டர் முடிந்ததும் எடுத்துவிடவும்.” எந்த வருஷத்து செமஸ்டர் என்று எழுதவில்லை. அந்த வரியைத் தொட எனக்கும் தைரியம் வரவில்லை.

ஒரு கல்லூரி வளாகத்தின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. விடுதிகள், லேப்கள், நூலகம், நிர்வாகக் கட்டடம், ஒரு சர்வர் அறை. எல்லா வளாகத்தையும் போலத்தான். யாராவது வைஃபையில் சேர வந்தாலும் சரி, எங்கள் ஆட்களில் ஒருவர் சுவிட்சுக்குள் நுழைந்து ஏதாவது மாற்ற வந்தாலும் சரி, அந்தப் பெட்டி தானாக முடிவெடுக்காது. ரேடியஸ் சர்வரைக் கேட்கும். “இன்னார் வந்திருக்கிறார், இந்தக் கடவுச்சொல்லைச் சொல்கிறார், விடட்டுமா?” சர்வர் விடு என்றோ விடாதே என்றோ சொல்லும். விடு என்றால், எந்த வீலானில் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி) போடுவது, எந்த அளவுக்கு அதிகாரம் கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

வந்தவர் யார் என்பது மட்டும் தெரிந்தால் இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. எந்தக் கதவைத் தட்டுகிறார் என்பதும் தெரிய வேண்டும். லேப் உதவியாளருக்கு லேப் சுவிட்சில் முழு அதிகாரம் உண்டு. சர்வர் அறை சுவிட்சில் நுழையவே கூடாது. அதனால் பெட்டிகளைக் குழு குழுவாகப் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் ஓட்டும் ரேடியஸ் மென்பொருள் ஃப்ரீரேடியஸ். அதில் இந்தக் குழுவுக்கு ஹன்ட்குரூப் என்று பெயர். நான் திறந்த 214 வரிக் கோப்பின் பெயரும் அதுதான்.

பெயர் விசித்திரமாக இருக்கிறதே என்று ஒரு நாள் தோண்டிப் பார்த்தேன். டெலிபோன் காலத்துச் சொல். ஒரே நம்பருக்குப் பின்னால் பல லைன்கள் இருக்கும். கால் வந்தால் எது காலியாக இருக்கிறது என்று எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொன்றாக வேட்டையாடிப் போய்ப் பிடிக்கும். அந்த லைன்களின் கூட்டம்தான் ஹன்ட் குரூப். மோடம் போட்டு டயல் செய்து இணையத்துக்கு வந்த நாட்களில், இந்த ஊர் மோடம் வரிசை, அந்த ஊர் மோடம் வரிசை என்று பிரிக்க அதையே எடுத்துக்கொண்டார்கள். ஃப்ரீரேடியஸோடு வரும் மாதிரிக் கோப்பில் இன்றைக்கும் அல்ஃபென், டெல்ஃப்ட் என்று இரண்டு நெதர்லாந்து ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. 1999இல் ஆலன் டீகாக்கோடு சேர்ந்து ஃப்ரீரேடியஸைத் தொடங்கிய மிக்கேல் வான் ஸ்மூரன்பர்க் அந்த நாட்டுக்காரர். மோடம் போய்விட்டது, அல்ஃபென் இருக்கிறது.

ரேடியஸே டயல்-அப் காலத்துப் பிள்ளைதான். 1991இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மெரிட் நெட்வொர்க் என்ற கல்வி நெட்வொர்க் அமைப்பு, தன் டயல்-இன் சர்வர்களை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த வழி கேட்டது. லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. ரேடியஸுக்காக நாங்கள் இன்றைக்கும் புரட்டிப் பார்க்கும் ஆர்எஃப்சி 2865 (ஆர்எஃப்சி என்றால் இணைய நெறிமுறை ஆவணம்) வெளிவந்தது 2000 ஜூனில்.

சரி, கோப்புக்கு வருகிறேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு குழுப்பெயர், அதற்கு எதிரே ஒரு ஐபி முகவரி. அவ்வளவுதான். சர்வர் எழும்போது ஒரு தடவை படித்துக்கொள்ளும். மாற்றினால் சர்வருக்குச் சொல்லி மறுபடி படிக்க வைக்க வேண்டும். பத்துப் பெட்டிக்கு இது தாராளம். நூறைத் தாண்டினால் கோப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் எழுதுகிற ஆள் மறந்துவிடுவார். சுவிட்சை மாட்டுகிறவர் ஒருவர், கோப்பைத் திருத்துகிறவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மெக்கானிக்கல் லேப் உதவியாளர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். இளைஞர். உள்ளே வரத் தயங்கினார்.

“சார், மெக் லேப் சுவிட்சுக்குத்தான் போனேன். வேற எங்கயோ போயிட்டேன் போல இருக்கு. ஆனா உள்ள விட்டுடுச்சு சார்.”

அவருடைய கணினியில் போய்ப் பார்த்தேன். சுவிட்சுக்குள் நுழைய உதவும் புட்டி என்ற மென்பொருளில் ‘மெக் லேப்’ என்று சேமித்து வைத்திருந்த இணைப்பைத்தான் அழுத்தியிருக்கிறார். பெட்டியின் அடையாளச் சாவி மாறியிருக்கிறது, கவனம் என்று புட்டி எச்சரித்திருக்கிறது. எல்லோரும் செய்வதைப் போல ‘சரி’ என்று அழுத்தியிருக்கிறார். திரையில் வந்து நின்ற பெயர் சர்வர் அறையில் இரண்டாம் ரேக்கின் (சர்வர்களை அடுக்கிய அலமாரி) சுவிட்ச். அதுவும் 15ஆம் நிலை அதிகாரத்தோடு. அதாவது மனசு வைத்தால் அந்த ரேக்கையே இருட்டாக்கலாம்.

நடந்தது இதுதான். பழைய லேப் சுவிட்சை மே மாத விடுமுறையில் கழற்றினோம். அதன் முகவரி 10.20.4.7 காலியானது. ஜூலையில் சர்வர் அறைக்குப் புது சுவிட்ச் வந்தபோது, காலியாக இருந்த முதல் முகவரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். ஹன்ட்குரூப் கோப்பு மட்டும் 10.20.4.7 என்றால் இன்னும் லேப் என்றே நம்பிக்கொண்டிருந்தது. கடவுச்சொல் சரி, ஆள் சரி, விதி சரி. முகவரிக்குப் பின்னால் இருந்த பெட்டி மட்டும் வேறு. மூன்று மாதமாக அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அவர் நேர்மையாக வந்து சொன்னதால் தெரிந்தது. தப்பு முழுக்க எங்கள் பிரிவுடையது; அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கோப்பை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது என்று கூட்டத்தில் முடிவானது. நான் வாயைத் திறக்கவில்லை. மாதாமாதம் சரிபார்ப்பது என்று முடிவான எதுவும் மூன்றாவது மாதத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

நான் தேடியது வேறு. புது சுவிட்ச் மாட்டுகிறவர் எப்படியும் ஓரிடத்தில் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதாவிட்டால் அவர் வேலையே நடக்காது என்கிற மாதிரி ஓர் இடம் இருக்கிறதா? இருந்தது. எங்கள் எல்டாப் டைரக்டரியில், அதாவது ஆட்கள், பெட்டிகள் விவரத்தை மரம் மாதிரி கிளை கிளையாகப் பதிந்து வைக்கும் இடத்தில். மாணவர், ஆசிரியர் கணக்குகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ரேடியஸும் கடவுச்சொல்லைச் சரிபார்க்க அங்கேதான் போகிறது. அதே மரத்தில் ‘கருவிகள்’ என்று ஒரு கிளையும் இருந்தது. எந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும் கண்காணிப்பு மென்பொருள் அந்தக் கிளையிலிருந்துதான் பட்டியல் எடுக்கும். அதில் பதியாத சுவிட்ச் கண்காணிப்புத் திரையில் வராது. திரையில் வராத சுவிட்சை மேலே உள்ளவர் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டு ஏற்கமாட்டார். அதனால் எல்லோரும் ஒழுங்காகப் பதிந்துவந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி. எல்டாப் பிறந்ததும் அதே மிச்சிகனில்தான், பல்கலைக்கழகத்தில். டிம் ஹோவ்ஸும் கூட்டாளிகளும் எழுதிய முதல் ஆர்எஃப்சி, 1487, 1993 ஜூலையில் வந்தது. பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் ஊரில். மெரிட்டும் அதே ஊர்தான். ஒரே ஊர்க்காரர்களை முப்பது வருஷம் கழித்து எங்கள் சர்வர் அறையில் பேச வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். இதை யாரிடமாவது சொன்னால் பாவமாகப் பார்ப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கிளையைப் பிரித்துப் பார்த்தபோது, புதிதாக எதையும் உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்தது. எல்டாப்பில் ‘டிவைஸ்’ என்று ஒரு வகை ஆதியிலிருந்தே இருக்கிறது. வரிசை எண், உரிமையாளர், இருப்பிடம், பிரிவு எல்லாம் அதில் எழுதலாம். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2307, ‘ஐபிஹோஸ்ட்’ என்று ஒரு துணை வகையைக் கொடுத்தது. ஐபி முகவரியை எழுத அதில் இடம் உண்டு. இரண்டையும் ஒரே பதிவில் சேர்த்தால், இந்த முகவரிக்காரர் இந்தப் பிரிவு என்று ஆகிவிடுகிறது. எங்கள் ஆட்கள் பிரிவு என்ற இடத்தில் ஏற்கெனவே ‘லேப்’, ‘விடுதி’, ‘கோர்’ (நெட்வொர்க்கின் மையப் பெட்டிகள்) என்று எழுதி வைத்திருந்தார்கள். எதற்கு எழுதினார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. படிவத்தில் கட்டம் இருந்தது, நிரப்பியிருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

தேடல் நடக்கும் விதம் எளிது. சுவிட்ச் ஒரு கேள்விப் பொட்டலம் அனுப்புகிறது. அதற்குள் நாஸ்-ஐபி-அட்ரஸ் என்று ஒரு புலம் இருக்கிறது. (நாஸ் என்றால் கேள்வி கேட்கும் பெட்டி, ஹார்டு டிஸ்க் நிறைந்த அந்த நாஸ் அல்ல. இந்தக் குழப்பத்தில் ஒரு தடவை ஒரு விற்பனையாளரோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறேன்.) ஃப்ரீரேடியஸ், கடவுச்சொல்லைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த முகவரியை எடுத்துக்கொண்டு டைரக்டரியிடம் போகிறது. கருவிகள் கிளையில் தேடு, இந்த முகவரி உள்ள பதிவைக் கண்டுபிடி, அதன் பிரிவை மட்டும் கொடு. கிடைத்ததை ஹன்ட்குரூப் பெயர் என்ற பெட்டியில் போட்டுக்கொண்டு மேலே போகிறது. அதற்கப்புறம் வரும் விதிகள் எல்லாம் பழைய விதிகளேதான். கோப்பிலிருந்து வந்த பெயரா, டைரக்டரியிலிருந்து வந்த பெயரா என்று அவற்றுக்குத் தெரியாது.

எல்டாப்பில் தேடல் நிபந்தனை எழுதும் முறை மட்டும் முதலில் கண்ணைக் கட்டும். ‘இதுவும் அதுவும்’ என்று சொல்லாமல், ‘உம்’மை முன்னால் தூக்கி வைத்துவிட்டு இது, அது என்று அடுக்க வேண்டும். தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்: (&(வகை=கருவி)(ஐபி=10.20.4.7)). அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் ஒன்றும் வராது. கைக்குப் பழகப் பத்து நாள் ஆகும்.

இன்னொன்று. ஒரு பதிவில் பிரிவு என்ற இடத்தில் இரண்டு மதிப்புகள் எழுதலாம், எல்டாப் அனுமதிக்கும். ஆனால் நாங்கள் எழுதிய தேடல் ஒன்றைத்தான் திருப்பித் தரும். எதை என்று எல்டாப் உத்தரவாதம் தருவதில்லை, ஏனென்றால் மதிப்புகளுக்கு வரிசை கிடையாது. நூலகத்தில் ஒரு சுவிட்ச் ‘நூலகம்’ என்றும் ‘லேப்’ என்றும் இரண்டு வேஷம் போட்டிருந்தது. ஒரு பெட்டிக்கு ஒரே பிரிவு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு மாற்றினோம். ஃப்ரீரேடியஸை ‘எக்ஸ்’ என்ற குறி சேர்த்து முன்திரையில் ஓட விட்டால் அது செய்வதையெல்லாம் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போகும். ஆலன் டீகாக் யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் முதலில் அதைப் படி என்றுதான் சொல்வார், அவர் பொறுமையிழந்து சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ‘ரெடி டு ப்ராசஸ் ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற வரி வந்து நின்றது. லேப் சுவிட்சில் நுழைந்து பார்த்தேன். தேடல் போனது, ‘லேப்’ என்று வந்தது. விடுதி, சரி. நூலகம், சரி. சர்வர் அறை, 10.20.4.7, ‘கோர்’ என்று வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் மதியம் அதே லேப் உதவியாளரை வரச் சொல்லி, அந்தப் பழைய இணைப்பை மறுபடி அழுத்தச் சொன்னேன். கதவு மூடியிருந்தது. அவருக்கும் நிம்மதி. ஆனால் சந்தேகப் பிராணியாகிய நான், அவரை இன்னும் நாலைந்து முகவரிகளை முயன்று பார்க்கச் சொன்னேன். மூன்றாவது முகவரியில் உள்ளே போய்விட்டார். அதுவும் கோர் சுவிட்ச். இரண்டு கோர் சுவிட்சுகளில் பெரியது.

அதற்கு டைரக்டரியில் பதிவே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பெட்டி. டைரக்டரி வருவதற்கு முன்பிருந்தே இருப்பது. கண்காணிப்பு மென்பொருளில் அதை மட்டும் கையால் சேர்த்திருந்தார்கள். ஊரில் பெரிய வீட்டுக்குக் கதவு எண் இருக்காது, அது மாதிரி. தேடல் போனது, ஒன்றும் கிடைக்கவில்லை, ஹன்ட்குரூப் பெயர் வெறுமையாக வந்தது. வெறுமையாக வந்தால் விடக்கூடாது அல்லவா? விதியைத் திறந்து பார்த்தேன். பல வருஷம் முன்னால் யாரோ எழுதியது: லேப் உதவியாளர், குழு ‘கோர்’ இல்லாவிட்டால், அனுமதி.

வெறுமை ‘கோர்’ இல்லை. ஆகவே அனுமதி.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் எழுந்து போய் வராந்தாவில் நின்றேன். கோப்பு இருந்த நாட்களில் இந்த விதி ஓரளவு தாங்கியது, ஏனென்றால் கோர் சுவிட்சுகளின் முகவரி கோப்பில் முதல் இரண்டு வரிகளாகவே இருந்தது. யாரும் அதைத் தொடுவதில்லை. தேடலுக்கு மாறியதும், ‘பதில் இல்லை’ என்ற புது வகைப் பதில் ஒன்று பிறந்துவிட்டது. அது எப்போது வரும் என்று எண்ணிப் பார்த்தேன். பதிவு இல்லையென்றால் வரும். முகவரியில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்திருந்தால் வரும். பதிவு இருந்து பிரிவு நிரப்பப்படாமல் இருந்தால் வரும். டைரக்டரி சர்வரே படுத்துவிட்டாலும், எங்கள் அமைப்பில் நான் சோதித்துப் பார்த்தவரை, தேடல் அதே வெறுமையைத்தான் கொடுத்தது. ‘அப்படி ஒருவர் இல்லை’ என்பதும் ‘கேட்க முடியவில்லை’ என்பதும் விதியின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது.

அன்றைக்கு விதிகளை எல்லாம் திருப்பி எழுதினேன். ‘இது இல்லாவிட்டால்’ என்று தொடங்கிய ஒவ்வொன்றையும் ‘இதுவாக இருந்தால்’ என்று மாற்றினேன். லேப் உதவியாளர், குழு ‘லேப்’ என்றால் மட்டும் அனுமதி. வெறுமையாக வந்தால் அதற்கு ‘தெரியாதது’ என்று நானே ஒரு பெயர் வைத்தேன். சுவிட்சை நிர்வகிக்க வருகிறவருக்கு ‘தெரியாதது’ என்றால் கதவு மூடியது, லாகில் (சர்வர் நடந்ததைப் பதியும் குறிப்பேடு) கொட்டை எழுத்தில் ஒரு வரி. சுவரிலுள்ள போர்ட்டில் லேப்டாப்பைச் செருகுகிற மாணவருக்கு ‘தெரியாதது’ என்றால் இணையம் மட்டும் உள்ள ஒரு வீலான். இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு வைத்திருந்தால், டைரக்டரி படுக்கும் நாளில் விடுதி முழுக்க எங்கள் அறை வாசலில் நிற்கும்.

முதல் வாரத்தில் லாகில் அந்தக் கொட்டை எழுத்து வரி பதினோரு பெட்டிகளுக்கு வந்தது. பதினொன்றையும் பதிந்தோம். அதில் ஒன்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள். விடுதி மெஸ்ஸின் பரணில், அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடுத்தது முகவரி விஷயம். இது கொஞ்சம் நுணுக்கம், ஆனால் விட்டுவிட்டால் தூக்கம் கெடும். நாஸ்-ஐபி-அட்ரஸ் என்பது பெட்டி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. தபாலில் கடிதத்துக்கு உள்ளே அனுப்புநர் எழுதிக்கொள்ளும் முகவரி மாதிரி. பொட்டலம் உண்மையில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்பது உறையின் மேலுள்ள முத்திரை. இரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. நாலு இன்டர்ஃபேஸ் உள்ள சுவிட்ச், ஒன்றின் முகவரியை உள்ளே எழுதிவிட்டு இன்னொன்றின் வழியாக அனுப்பும். ஆர்எஃப்சி 2865 இதில் கறார்: பகிர்ந்த ரகசியத்தை (பெட்டிக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த சொல்) தேர்ந்தெடுக்க நாஸ்-ஐபி-அட்ரஸைப் பயன்படுத்தவே கூடாது, பொட்டலத்தின் மூல முகவரியைத்தான் பார்க்க வேண்டும். ரகசியத்துக்கு அவ்வளவு கறார் என்றால், அதிகாரம் கொடுக்கும் குழுவுக்கு மட்டும் பெட்டி சொல்வதை நம்பலாமா?

எனக்கு இதைப் புரிய வைத்தது எடுரோம், கல்லூரிகள் வைஃபையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. எங்கள் மாணவர் வேறு கல்லூரிக்குப் போனாலும், எங்கள் கணக்கை வைத்தே அங்கே வைஃபையில் சேரலாம். அங்கிருந்து கேள்வி கைமாறிக் கைமாறி எங்கள் சர்வருக்கு வரும். உள்ளே நாஸ்-ஐபி-அட்ரஸ் அந்தக் கல்லூரியின் வைஃபை கன்ட்ரோலருடையது. அவர்களும் 10 என்று தொடங்கும் முகவரிதான் வைத்திருக்கிறார்கள், நாங்களும் அதேதான், உலகமே அதேதான். சிலர் இந்தப் புலத்தை வெளியே அனுப்பும் முன் வடிகட்டிவிடுவார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு நாள் லாகில், எங்கேயோ வெளியூரில் கருத்தரங்குக்குப் போயிருந்த ஆராய்ச்சி மாணவி ‘நிர்வாகக் கட்டடம்’ குழுவில் இருப்பதாகத் தேடல் சொன்னது. இரண்டு முகவரிகள் தற்செயலாக ஒன்றாக இருந்திருக்கின்றன. கெடுதல் ஒன்றும் இல்லை. அங்கே எங்கள் வீலான் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆனால் அதைப் பார்த்த பிறகு, கைமாறி வரும் கேள்விகளுக்குத் தேடலே நடக்கக்கூடாது என்று வெட்டிவிட்டேன். உள்ளூர்ப் பெட்டிகளுக்கு மூல முகவரியை வைத்துத் தேடுகிறோம்.

வளாகத்துக்குள் வைஃபைக்கு அதுவும் போதாது. ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) எத்தனை இருந்தாலும் அவற்றை ஆளும் கன்ட்ரோலர் ஒன்று, முகவரியும் ஒன்று. முகவரியைக் கேட்டால் எல்லாப் பதிலும் ‘கன்ட்ரோலர்’ என்றுதான் வரும். அதற்கு அழைக்கப்பட்ட நிலையம் என்ற புலத்தில் வரும் ஆக்சஸ் பாயின்ட்டின் மேக் முகவரியை (வன்பொருளுக்கே உரிய எண்) தேடல் சாவியாக வைத்தோம். அந்தக் கதை தனிப் பதிவு கேட்கும். விடுகிறேன்.

வேகம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். டைரக்டரி தேடல் ஒன்றுக்கு ஆகும் நேரம் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. பயப்பட வேண்டியது எண்ணிக்கைக்கு. 802.1எக்ஸ் என்ற நுழைவு முறையில் ஒருவர் உள்ளே வர ஒரு கேள்வி, ஒரு பதில் என்று முடியாது. சான்றிதழ் காட்டுவதும் சரிபார்ப்பதுமாகப் பத்து தடவைக்குப் பக்கமாகப் பொட்டலம் போய் வரும். ஒவ்வொன்றும் சர்வருக்குப் புதுக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் தேடல். காலை ஒன்பது மணிக்கு வகுப்பு தொடங்கும்போது இது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் யோசிக்கவில்லை, திங்கட்கிழமை காலை தெரிந்துகொண்டோம். சிஸ்கோ சுவிட்ச் தானாக ஐந்து விநாடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் மறுபடி கேட்கும். தாமதமானதால் மறுபடி கேட்கிறது, மறுபடி கேட்பதால் இன்னும் தாமதம். பஸ் வரவில்லை என்று எல்லோரும் ஒரே சமயத்தில் டிப்போவுக்குப் போன் போட்ட கதை.

அதற்கு ஃப்ரீரேடியஸிலேயே கேஷ் இருக்கிறது. முகவரியைச் சாவியாக வைத்து, கிடைத்த குழுப்பெயரைப் பத்து நிமிடம் நினைவில் வைத்துக்கொள் என்றோம். டைரக்டரி மூச்சு விட்டது. ஒரு தப்பும் செய்தோம்: வெறுமையையும் சேர்த்து நினைவில் வைக்கவிட்டோம். புது சுவிட்சை மாட்டிவிட்டு, பதியாமல் நுழையப் பார்த்து, ‘அடடா’ என்று போய்ப் பதிந்துவிட்டு வந்தவர், பத்து நிமிடம் வெளியிலேயே நின்றார். ஏணியின் மேல் நின்றபடி என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். இப்போது பெயர் கிடைத்தால் மட்டும் கேஷில் போகிறது.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அது தின்றது. பீப் என்ற நுழைவு முறையில் கடவுச்சொல் ஒரு சுரங்கத்துக்குள் வருகிறது. ஃப்ரீரேடியஸ் அந்தச் சுரங்கத்துக்குள் இருப்பதைத் தனிக் கேள்வியாக, தனி சர்வர் மாதிரி நடத்தும். வெளியே நாம் கண்டுபிடித்து வைத்த குழுப்பெயர் உள்ளே தானாகப் போகாது. வெளியே ‘விடுதி’ என்று லாக் அழகாகச் சொல்லும். உள்ளே இருக்கும் விதி ‘தெரியாதது’ என்று மாணவரை ஒதுக்கிவிடும். வெளிக் கேள்வியிலிருந்து எடுத்துக்கொள் என்று உள்ளே ஒரு வரி எழுதியதும் தீர்ந்தது. ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆறிப்போனது.

சின்ன இடங்களில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெட்டிகள் பத்து, பதினைந்துதான், அடிக்கடி மாறாது என்றால் இந்த டைரக்டரி வித்தை தேவையே இல்லை. ஃப்ரீரேடியஸில் ஒவ்வொரு பெட்டிக்கும் ரகசியம் எழுதி வைக்கும் பகுதி இருக்கிறதல்லவா, அங்கேயே குழு என்று ஒரு வரி கூடுதலாக எழுதிக்கொண்டு, விதியில் அதைக் கேட்டு வாங்கலாம். ரகசியம் எழுதாமல் பெட்டி பேசவே பேசாது; எழுதும்போது குழுவும் சேர்ந்து எழுதப்பட்டுவிடும். எங்களுக்கு எண்ணிக்கையும் ஆட்களும் அதிகம் என்பதால் டைரக்டரிக்குப் போனோம்.

எல்லாம் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும், அந்தப் பழைய கோப்பைக் காலி செய்ய உட்கார்ந்தேன். 214 வரிகளையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். ‘தற்காலிகம்’ வரியும் போனது. சேமிக்கும் முன் பக்கத்தில் இருந்த மூத்தவர், திரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

“டைரக்டரி சர்வர் எந்த சுவிட்சில தம்பி மாட்டியிருக்கு?”

10.20.4.7. சர்வர் அறை, இரண்டாம் ரேக்.

அந்த சுவிட்சில் ஏதாவது கோளாறு என்றால் டைரக்டரி தெரியாது. டைரக்டரி தெரியாவிட்டால் தேடல் வெறுமை. வெறுமை என்றால், நானே எழுதிய விதிப்படி, கதவு மூடியது. டைரக்டரியைச் சரிசெய்ய அந்த சுவிட்சுக்குள் போக வேண்டும். அந்த சுவிட்சுக்குள் போக டைரக்டரி வேண்டும். மூத்தவர் வேறெதுவும் சொல்லவில்லை, காபி குடிக்கப் போய்விட்டார்.

இப்போது கோப்பில் இரண்டு வரிகள் இருக்கின்றன: பெரிய கோர் சுவிட்சுக்கு ஒன்று, இரண்டாம் ரேக்குக்கு ஒன்று. கோப்பு முதலில் பார்க்கப்படும். அங்கே பெயர் கிடைத்தால் டைரக்டரிக்குப் போவதில்லை. அந்த இரண்டில் மட்டும் நுழைய, டைரக்டரியைச் சாராத ஒரு கணக்கும் ரேடியஸ் சர்வரிலேயே இருக்கிறது. அதன் கடவுச்சொல் ஒட்டிய உறையில், மேலாளரின் பீரோவில். வரிகளுக்கு மேலே நானும் ஒரு குறிப்பு போட்டு, தேதியும் வருஷமும் எழுதி வைத்திருக்கிறேன்: “இது தற்காலிகம் அல்ல. அழிக்கத் தோன்றினால் முதலில் இரண்டாம் ரேக்கைப் போய்ப் பார்க்கவும்.”